தவளைகளை வென்ற கீரி

தேனடுக்கு மலையின் உச்சியில் மனிதர்கள் கைவிட்டுப் போன கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. அவர்கள் போன மறுவாரமே விலங்குகள் அதை எடுத்துக்கொண்டன. மான்கள் மேய்ந்து புல்லை மட்டமாக வைத்தன. பதினெட்டுக் குழிகளையும் பெருச்சாளிகள் பார்த்துக்கொண்டன. புதர்களுக்குள் கிடந்த பழைய பந்துகள்தான் பந்து. வளைந்த வேர்கள்தான் மட்டை. குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளிலும் பந்தை விழவைப்பவருக்கு வெற்றி.

விளையாட்டாக இருந்தவரை எல்லாரும் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். நன்றாக ஆடும் குட்டி ஒன்றுக்கு வருஷாவருஷம் இலவசமாக இடம் தருவோம் என்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கல்லூரி அறிவித்தது. அன்றோடு பெற்றோர்களுக்கெல்லாம் தூக்கம் போயிற்று.

அப்படித் தூக்கம் போனவர்களில் ஒருவர் மலையாண்டி என்ற கீரி. அவருக்கு ஒரே மகள், பெயர் குயிலி. அவளுக்கு வேர் மருத்துவம் படிக்க ஆசை. காட்டில் யாருக்காவது கால் சுளுக்கிவிட்டது என்று கேள்விப்பட்டால், ஏதாவது ஒரு வேரைத் தோண்டிக்கொண்டு ஓடுவாள். பாதி நேரம் அது தவறான வேராக இருக்கும். சரியான வேரைச் சொல்லித்தரும் படிப்பு அக்கரைக் கல்லூரியில்தான் இருந்தது. அங்கே சேரக் கட்டணமாகக் கேட்ட தேனடைகளை ஒரு கீரி வாழ்நாள் முழுக்க அலைந்தாலும் சேர்க்க முடியாது. ஆனால் குயிலிக்கு மட்டை நன்றாகக் கைவந்தது. மலையாண்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கல்லூரிக்கு ஆள் எடுக்க வருபவர் நாச்சியார் டீச்சர் என்ற நீர்நாய். மழைக்காலம் முடிந்ததும் ஆற்றை நீந்திக் கடந்து வருவார். யார் வீட்டில் வெற்றி மாலை அதிகமோ, அந்த வீட்டுக் குட்டியைத்தான் எடுப்பார் என்று மலையாண்டி தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

உச்சி மைதானத்தில் வாரம் ஒரு பந்தயம் நடக்கும். அங்கே வீசுவது பேய்க்காற்று. மான், மந்தி, காட்டுப்பன்றி என்று பலமான ஆட்டக்காரர்கள் வருவார்கள். ஒருமுறை குயிலியை அங்கே அழைத்துப் போனார். இருபத்திரண்டு பேரில் இருபதாவதாக வந்தாள். குயிலிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மான் அடித்த பந்து எப்படிக் காற்றிலேறி வளைந்து இறங்கியது என்று வீடுவரை பேசிக்கொண்டே வந்தாள். மலையாண்டிக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அவர் வேறு வழி தேடினார். மலையடிவாரத்துக் குளக்கரையில் தவளைகள் ஆறே ஆறு குழி வைத்துச் சின்னதாக ஒரு பந்தயம் நடத்திவந்தன. அடுத்த வாரம் குயிலியின் பெயரை அங்கே கொடுத்தார்.

எதிரே ஒரு கீரி வந்து நின்றால் தவளைக்குக் கை ஓடுமா, கால் ஓடுமா? முதல் தவளை பந்தை வைக்கும்போதே நடுங்கியது. இரண்டாவது தவளை, அக்காவே முதலில் அடிக்கட்டும் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாகவே நகர்ந்தது. மூன்றாவது குழிக்குப் போவதற்குள் எல்லாத் தவளைகளும் குளத்துக்குள் குதித்துவிட்டன. மாலை குயிலிக்கு விழுந்தது.

பிறகு வயல் எலிகளின் பந்தயம். அங்கேயும் அதே கதை. ஓணான்களின் பந்தயத்தில், கீரி வருகிறது என்று தெரிந்ததும் ஒருவரும் மரத்தைவிட்டு இறங்கவே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் பதினோரு மாலைகள் சேர்ந்துவிட்டன.

குயிலிக்கு மனசு ஒட்டவில்லை. ஆடுவதற்கே ஆள் இல்லாத இடத்தில் ஜெயித்து என்ன பயன் என்று கேட்டாள். உச்சிக்குப் போகலாம் என்று நச்சரித்தாள். தோற்றுப்போனால் பெயர் கெட்டுவிடும் என்று மலையாண்டி அடக்கிவிட்டார்.

பக்கத்து வளையில் செம்பி என்ற முயல் பெண் இருந்தாள். குயிலியின் சிநேகிதி. அவளும் அந்தக் கல்லூரிக்கு ஆசைப்பட்டவள்தான். அவள் வாரம் தவறாமல் உச்சிக்குப் போனாள், வாரம் தவறாமல் தோற்றாள். பதினெட்டாவது, பதினாலாவது, பத்தாவது என்று வந்து சொல்லுவாள். மலையாண்டி அவள் தலையைத் தடவி, வருத்தப்படாதே என்பார். அவள் ஏன் வருத்தப்படவில்லை என்று அவருக்குப் புரியவில்லை.

நாச்சியார் டீச்சர் வந்தார். மலையாண்டி பதினோரு மாலைகளையும் வளையின் வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது எங்கே ஜெயிச்சது?"

"தவளைக் குளத்துல, டீச்சரம்மா."

"எத்தனை பேர் ஆடினாங்க?"

"நாலு பேர்."

"கடைசிவரைக்கும் எத்தனை பேர் ஆடினாங்க?"

மலையாண்டி கோணலாகத் தொங்கிய ஒரு மாலையை நேராக்கத் தொடங்கினார். குயிலிதான் பதில் சொன்னாள். "நான் மட்டும்தான், டீச்சர். மத்தவங்க குளத்துல குதிச்சிட்டாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. மீசையை மட்டும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். நாளைக்கு உச்சி மைதானத்தில் எல்லாக் குட்டிகளையும் பெரியவர்களோடு ஆடவைத்துப் பார்க்கப்போவதாகவும், குயிலியும் வரட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காற்று வழக்கத்தைவிடப் பலமாக வீசியது. குயிலியும் செம்பியும் ஒரே ஜோடியாக ஆடினார்கள். குயிலி அடித்த முதல் பந்து அழகாக மேலே எழும்பி, நடுவானத்தில் நின்று, திரும்பி வந்து அவள் பின்னாலேயே விழுந்தது. இரண்டாவது பந்து முட்புதருக்குள் போயிற்று. மலையாண்டி மகளின் பக்கத்திலேயே நடந்தபடி முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தோளை இறக்கு என்றார். மட்டையை இறுக்கிப் பிடி என்றார். உடனே, இறுக்காதே என்றார். ஆறு குழிகள் முடிவதற்குள் குயிலிக்கு ஐம்பது அடிகள் ஆகிவிட்டன.

அவள் நின்றாள். மட்டையைப் புல்லில் ஊன்றினாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் அந்தப் பாறைக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்கங்க. கோபத்துல சொல்லல. நீங்க பேசும்போது எனக்குக் காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கேட்கவே மாட்டேங்குது."

மலையாண்டி பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் குயிலி செம்பியின் ஆட்டத்தைக் கவனித்தாள். முயலின் பந்து எழும்பவே இல்லை. காற்றுக்கு அடியில் புகுந்து புல்லைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. எப்படி என்று கேட்டாள். செம்பி ஒளிக்கவில்லை. காற்று எதிரே வந்தால் பந்தைப் பின்னங்காலுக்கு நேராக வைத்துக்கொண்டு தாழ்வாகத் தட்ட வேண்டும், இதைக் கற்றுக்கொள்ளத் தனக்கு எட்டுத் தோல்வி பிடித்தது என்றாள். குயிலி முயன்று பார்த்தாள். மூன்று பந்துகள் கோணலாகப் போயின. நான்காவது பந்து ஓடியது. கடைசி ஐந்து குழிகளில் அவள் யாருக்கும் குறையாமல் ஆடினாள்.

ஆனாலும் இருபத்தைந்து பேரில் இருபத்தொன்றாவதாகத்தான் வந்தாள். செம்பி மூன்றாவது. அவளுக்கு முன்னால் வந்த இருவரும் கல்லூரி வயதைத் தாண்டிய பெரியவர்கள். இலவச இடம் செம்பிக்குப் போயிற்று. குயிலி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

டீச்சர் புறப்படும் முன் குயிலியைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு வயது தாண்டிவிட்டால் கல்லூரியில் சேர முடியாது, அதனால் அடுத்த வருஷம் ஒன்றுதான் மிச்சம் என்றார். அந்த ஒரு வருஷத்தைத் தவளைக் குளத்தில் கழிக்காதே என்றும் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மலையாண்டி ஓடைக்கரையில் வந்து உட்கார்ந்தார்.

"உன் பெயர் கெட்டுடும்னு சொன்னதெல்லாம் சும்மாம்மா. நீ தோத்துட்டு வரும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்ல."

குயிலி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என் முகம் நல்லாத்தான்ப்பா இருந்துச்சு. நீங்கதான் பார்க்கவே இல்ல."

அன்று மாலையே அவர் மாலைகளைத் தவளைகளிடமும் எலிகளிடமும் ஓணான்களிடமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தவளைகள் நம்பாமல் தண்ணீருக்குள்ளிருந்தே வாங்கிக்கொண்டன.

அந்த வருஷம் முழுக்கக் குயிலி உச்சிக்குப் போனாள். காலையில் சீக்கிரமே போய் பத்துப் பத்துப் பந்தாகத் தாழ்வாக அடித்துப் பழகினாள். குழிக்குப் பக்கத்தில் வந்தபின் மெல்லத் தட்டுவதை மான்களிடம் கற்றுக்கொண்டாள். முதலில் நூற்றுப்பத்து அடிகள் ஆயின. பிறகு நூறு, பிறகு தொண்ணூற்றைந்து. பந்தய வரிசையில் அவள் இடம் மட்டும் பெரிதாக மாறவில்லை, ஏனென்றால் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. மலையாண்டி தினமும் கூடவே போனார். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முதல் மாதம் கையைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாதம் அங்கேயே ஒரு குட்டித் தூக்கம் போடப் பழகிவிட்டார்.

மழைக்காலம் முடிந்தது. நாச்சியார் டீச்சர் வந்து கடைசிப் பந்தயத்தைப் பார்த்தார். குயிலி எண்பத்தாறு அடிகளில் முடித்து நான்காவதாக வந்தாள். முதல் மூன்று பேரும் இரண்டு வயது தாண்டிய பெரியவர்கள். அவளுக்கு அடுத்து, இரண்டே அடி பின்னால், ஒரு மந்திக் குட்டி நின்றது. அந்தக் குட்டி உச்சியில் இரண்டு முறை முதலாவதாக வந்திருந்தது. குயிலி ஒருமுறைகூட வந்ததில்லை. மலையாண்டி பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

டீச்சர் இருவரையும் கூப்பிட்டு, இந்த வருஷம் எந்தப் பந்தயத்தில் நன்றாக ஆடினீர்கள் என்று கேட்டார். மந்திக் குட்டி தான் ஜெயித்த இரண்டையும் சொன்னது. இன்றைக்குப் பெருச்சாளிகள் குழியைச் சரியாக வெட்டவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

குயிலி யோசித்தாள்.

"மழையில ஆடினோமே, அன்னைக்கு, டீச்சர். நான் பதினஞ்சாவதா வந்தேன். எட்டாவது குழியில பந்து சேத்துல மாட்டி, அதுக்கே பதினோரு அடி ஆச்சு. ஆனா ஒன்பதாவது குழிக்கு நடந்துபோறதுக்குள்ள அதை மறந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு அடிகூட வீணாக்கல."

"அது போதும். அங்கே படிப்பும் அப்படித்தான் இருக்கும்," என்றார் டீச்சர். இலவச இடம் குயிலிக்குக் கிடைத்தது.

அவள் ஆற்றைக் கடக்கும் நாளில் காடே கரையில் கூடியது. அக்கரையிலிருந்து செம்பி இரண்டு காதுகளையும் தூக்கி ஆட்டினாள். கூட்டத்தில் நின்ற ஒரு காட்டுப்பன்றிக்கும் மட்டை பிடிக்கும் குட்டி ஒன்று இருந்தது. அது மலையாண்டியின் பக்கத்தில் வந்து, உங்கள் பெண் எத்தனை தடவை முதலாவதாக வந்தாள் என்று ரகசியமாக விசாரித்தது.

"ஒரு தடவைகூட இல்ல," என்றார் மலையாண்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

எளிதாகக் கிடைக்கும் வெற்றி நம் குறையை மறைத்துவிடும், வலியவர்களோடு மோதி அடையும் தோல்வியே அந்தக் குறையைக் காட்டித் திருத்தும்.