நீண்டுபோன சங்கிலியும் டார்கஸின் கிணறும்

இந்த வழக்கைக் கேளுங்கள், தீர்ப்பு உங்களுடையது.

அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரைக் காட்டைத் திருத்தி ஊர்கள் உண்டாக்கிய காலம். அங்கே ஓர் ஊருக்குத் தெருவும் மனையும் பிரித்தவர் ஆபெல் தர்ஸ்டன் என்ற நில அளவையர். ஆற்றிலிருந்து தொடங்கி, இரும்புச் சங்கிலியால் அளந்து, மனைக்கு மனை மூலையில் எல்லைக்கு அடையாளமாக மரமுளை அடித்தார். பாதி வேலையில் காய்ச்சலில் விழுந்தார். அங்கே தனியாகக் குடியிருந்த டார்கஸ் என்ற பெண்தான் அவரைத் தன் குடிசையில் கிடத்தி, சோளக்கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தாள்.

ஊர் வளர்ந்தது. டார்கஸ் தன் மனையில் ஆற்றுக்கு எதிர்ப்பக்கக் கோடியில், முளைக்கு உள்ளேயே, கிணறு வெட்டினாள். அதற்கு அப்பால் இருந்த மனையைக் கிளெமென்ட் என்ற வியாபாரி முளைக்கு முளை நடந்து பார்த்து வாங்கினார். பிறகு ஒரு சந்தேகத்தில், புதுச் சங்கிலியால் ஆற்றிலிருந்து அளக்கச் சொன்னார். பத்திரத்தில் எழுதியதைவிட ஒவ்வொரு மனையும் சற்று நீளம். தர்ஸ்டனின் சங்கிலியில் வளையங்கள் தேய்ந்து, சங்கிலியே நீண்டிருந்ததால் ஒவ்வொரு அளவும் கூடிப்போயிருந்தது. பத்திரப்படி அளந்தால் எல்லைகள் ஆற்றுப்பக்கம் நகரும். கிணறு கிளெமென்டுக்குப் போய்விடும்.

வழக்கு வந்தது. தர்ஸ்டனைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

"வயதானால் மனிதர் குறுகிப்போவார். உங்கள் சங்கிலி மட்டும் வளர்ந்திருக்கிறதே, பெரியவரே!" என்றார் கிளெமென்ட். கூட்டம் சிரித்தது.

"வளர்ந்தது உண்மைதான். ஆனால் முளைகள் அடித்த இடத்திலேயே நிற்கின்றன. அவைதான் எல்லை."

"அந்த அம்மாள் ஊற்றிய கஞ்சி பேசுகிறது!"

தர்ஸ்டனுக்குச் சுருக்கென்றது. உயிர் கொடுத்தவளின் தண்ணீர் போவதை அவரால் தாங்க முடியாதுதான். அதனால்தான் இப்படிச் சொல்கிறோமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"எனக்காக ஒரு சொல்லும் கூட்டாதீர்கள்," என்றாள் டார்கஸ்.

"கிணற்றை ஊருக்குப் பொதுவாக்கிவிட்டால் சண்டையே இல்லை," என்றார் ஊர்த்தலைவர்.

பத்திரத்தைக் காட்டும் கிளெமென்ட், முளையைக் காட்டும் தர்ஸ்டன், பொதுவாக்கச் சொல்லும் தலைவர். இவர்களில் யார் சொல்வது நியாயம்?

விடை: தர்ஸ்டன் சொல்வதே. விற்றதும் வாங்கியதும் முளைகளுக்கு நடுவே இருந்த மண். பத்திரம் அதைப் பற்றிய குறிப்பு மட்டுமே. கிளெமென்டும் முளைகளைப் பார்த்துத்தான் வாங்கினார். அவர் மனையும் நீளமே, அவருக்கு நஷ்டமில்லை. ஒருத்தி வெட்டிய கிணற்றைப் பொதுவாக்க ஊருக்கு உரிமையும் இல்லை. தர்ஸ்டனின் நன்றியுணர்ச்சியைப் பற்றிக் கவலை வேண்டாம். முளைகளை யாரும் போய்ப் பார்க்கலாம். நீதிபதியும் அப்படியே தீர்த்தார்.

வெளியே வந்ததும், "நான் நன்றிக்காகச் சொல்லவில்லை, அம்மா," என்றார் தர்ஸ்டன்.

"தெரியும். அதற்கு முன்பு அதே காய்ச்சல்தான் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது. நீங்களாவது எழுந்து உட்கார்ந்தீர்களே. நன்றி சொல்ல வேண்டியவள் நான்," என்றாள் டார்கஸ்.