பிலோமினா மிஸ்ஸின் அறை

“செத்துப்போனவங்க பேரைப் போட்டெல்லாம் அங்கீகாரம் வாங்குறாங்க மிஸ். உயிரோட இருக்கிற உங்க பேரைப் போடத்தான் இவ்வளவு கெஞ்ச வேண்டியிருக்கு.”

சுடலைமணி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். முதல் தடவை சொன்னபோது பிலோமினா மிஸ் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் நறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது வெண்டைக்காய் தீர்ந்துவிட்டது. பதில் சொல்லியே ஆகவேண்டும்.

“செத்தவங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு,” என்றார். “வகுப்பு எடுத்தீங்களான்னு யாரும் போய்க் கேட்க முடியாது.”

சுடலைமணிக்கு வயது நாற்பத்தாறு. கட்டடக்கலைக் கல்லூரியில் துறைத்தலைவர். அறை வாசலில் ‘டாக்டர் எஸ். மணி’ என்று பித்தளையில் பலகை. அவனைச் சுடலை என்று கூப்பிட இந்த ஊரில் மிச்சமிருப்பது பிலோமினா மிஸ் ஒருவர்தான். அவனுக்குப் பாடம் எடுத்தவர். பிறகு அதே கல்லூரியில் அவனோடு வேலை பார்த்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் நிர்வாகம் அவருடைய வகுப்புகளைப் பிடுங்கிக்கொண்டு, “நீங்க சீனியர், ஃபைல் வேலையைப் பாருங்க” என்றது. ஒரே வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அன்றைக்கு இவன் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வந்ததும் இல்லை. காரியம் என்று வந்த பிறகுதான் பாளையங்கோட்டைக்கு வழி தெரிந்திருக்கிறது.

காரியம் இதுதான். நாளை மறுநாள் அங்கீகாரக் குழு வருகிறது. பேராசிரியர் கணக்கில் ஓர் ஆள் குறைகிறது.

“பட்டம் நாங்க கொடுத்துடுவோம் மிஸ். ஆனா அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வச்சு ஒருத்தனும் ஆர்க்கிடெக்ட்னு பதிவு பண்ண முடியாது. ஒரு வீட்டு பிளான்ல கையெழுத்துப் போட முடியாது. கடைசி வருஷத்துல முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. அஞ்சு வருஷப் படிப்பும் வீண்.”

“முப்பத்தெட்டுல எத்தனை பேரோட பேர் உனக்குத் தெரியும்?”

“ஃபைல்ல இருக்கு மிஸ்.”

மிஸ் சிரிக்கவில்லை. “நான் என்ன செய்யணும்?”

“ஒரு வருஷ வருகைப் பதிவேட்டுல கையெழுத்து. அவ்வளவுதான். உங்களுக்கு அறை தயார். பேர்ப்பலகை மாட்டியாச்சு.”

“என்னைக் கேட்காமலா?”

“கேட்கத்தானே வந்திருக்கேன்.”

“மாட்டிட்டு வந்து கேட்கிற.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். சோபாவில் இன்னொருவர் உட்கார இடமில்லை. பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருந்தன.

“நாளைக்கு வர்றேன். ஒன்பதுலேருந்து அஞ்சு வரைக்கும் அந்த அறையில இருப்பேன். ஒரே ஒரு பிள்ளை வந்து, கட்டடம் பத்தி ஒரே ஒரு சந்தேகம் கேட்டா, உன் பதிவேடு முழுக்கக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“கேட்கலைன்னா?”

“வீட்டுக்குப் போறேன்.”

சுடலைமணிக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. கல்லூரியில் நூற்றுத் தொண்ணூறு பிள்ளைகள். நாள் முழுக்க ஒரு சந்தேகம்கூடவா வராது? கிழக்கே சூரியன் உதிக்குமா என்று பந்தயம் கட்டியதுபோல நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மிஸ் வந்துவிட்டார். வாசலில் தன் பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்தார். உள்ளே நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை. அலமாரி நிறையப் புத்தகங்கள், எல்லாம் இரவல். முதல் பக்கத்தில் இன்னொரு கல்லூரியின் முத்திரை, அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஜன்னலைத் திறக்கப் போனார். அலமாரியை ஜன்னலை மறைத்தே நிறுத்தியிருந்தார்கள்.

“காத்து?” என்றார்.

“ஏசி இருக்கு மிஸ். குழுவுக்கு ஏசி வேணும்,” என்றான் கூட வந்த சுடலைமணி.

கட்டடம் கட்டச் சொல்லித்தருகிற கல்லூரி. சொன்னால் வெட்கக்கேடு.

மிஸ் பையிலிருந்து ஆறு பென்சில்களை எடுத்துச் சீவி வரிசையாக வைத்தார். டிரேசிங் தாள் ஒரு சுருள். எதிரே இருந்த நாற்காலியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் போட்டார். கதவை அகலத் திறந்துவைத்தார்.

சுடலைமணியின் அறை நேர் எதிரே. கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரியும். தாழ்வாரத்தில் பிள்ளைகள் மாடல்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லேபிள் ஒட்டினார்கள், சார்ட் மாட்டினார்கள். மிஸ்ஸின் கதவைத் தாண்டும்போது மட்டும், மெழுகு போட்ட தரையில் கால்தடம் படக்கூடாது என்று எட்டிக் குதித்துப் போனார்கள். அப்படிப் போகச் சொன்னவனே இவன்தான். போன திங்கட்கிழமை சுற்றறிக்கை அனுப்பியிருந்தான்.

பதினோரு மணிக்கு ஒரு பையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தான். சுடலைமணி எழுந்தே நின்றுவிட்டான்.

“மேடம், ஒரு நிமிஷம்.”

“வாப்பா, உட்காரு. சொல்லு.”

“இல்ல மேடம். ரூமை போட்டோ எடுக்கணும், ஃபைலுக்கு. கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?”

“நான் இருந்தா?”

“ஆள் வேண்டாம் மேடம். ரூம் மட்டும் போதும்.”

மிஸ் எழுந்து போய்த் தன் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றார். அவன் நாலு மூலையிலிருந்தும் எடுத்துக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனான்.

சாப்பாட்டு நேரத்தில் சுடலைமணி போய் வாதாடிப் பார்த்தான். “ஒரு பையன் வந்து கேட்டானே மிஸ்.”

“என்னை வெளிய போகச் சொன்னான். அதுக்குப் பேர் சந்தேகமா?”

இரண்டரை மணிக்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. தாழ்வாரத்தில் போன ஒரு மூன்றாம் வருஷப் பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டான். பெயர் தெரியாததால், “ஏம்மா” என்று தொடங்கினான். காதோடு காதாகச் சொல்லி அனுப்பினான்.

அவள் போய் நின்று ஒப்பித்தாள். “மேடம், படிக்கட்டுல ஒரு படி எவ்வளவு உயரம் இருக்கணும்?”

பிலோமினா மிஸ்ஸின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பென்சிலை எடுத்த வேகத்தில் இன்னொன்று கீழே உருண்டது. தாளை விரித்து ஒரு கோடு போட்டுவிட்டார்.

“அது யார் ஏறுற படின்னு முதல்ல சொல்லு. சின்னப் பிள்ளைங்களா, முட்டுவலிக்காரங்களா? கையில குடத்தோட ஏறுவாங்களா? நீ எந்தப் படியை நினைச்சுக்கிட்டுக் கேட்ட?”

அந்தப் பெண் திரும்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். “தெரியலை மேடம். சார்தான் கேட்கச் சொன்னாங்க.”

மிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடச் சுடலைமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“ஆறு அங்குலம்னு அவர்கிட்ட போய்ச் சொல்லும்மா.”

அவளும் வந்து சொன்னாள். கெட்டிக்காரி. “ஆறு அங்குலமாம் சார்,” என்றுவிட்டு ஓடிப்போனாள்.

அதற்குப் பிறகு சுடலைமணி கோப்புகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தான். அவனுடைய கதவும் காலையிலிருந்து தாழிடாமல்தான் இருந்தது. பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். பாதிப் பேர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேற்றும் அப்படித்தான். எப்போதிலிருந்து அப்படி என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க அறை பெரிதாகிக்கொண்டே போனது.

ஐந்து மணியாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். நாள் முழுக்க அதில் வேறு யாரும் உட்காரவில்லை.

“போட்டுருங்க மிஸ். பிள்ளைங்க மேல தப்பில்லை.”

“அவங்க மேலன்னு நான் சொன்னேனா?”

“ஒரு வாரமா தூக்கமில்லாம வேலை செய்றாங்க. புது ஆளைப் பார்த்துப் பயப்படுறாங்க.”

“பயந்த பிள்ளை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகும், சுடலை. நான் நாள் முழுக்க வாசலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“நாளைக்குக் குழு வந்து நிக்கும்போது நான் என்ன சொல்ல?”

மிஸ் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். முப்பத்தெட்டுப் பேரும் அந்தப் பேனா முனையில் நின்றார்கள்.

“இன்னும் மூணு நிமிஷம் இருக்கு,” என்றார். “நீயும் என்கிட்ட படிச்சவன்தானே? நீ கேளு.”

“என்ன கேட்கணும் மிஸ்?”

“அதையும் நானே சொல்லணுமா? கட்டடம் பத்தி. உனக்கு நிஜமாவே தெரியாத ஒண்ணு. கேட்டுட்டா போட்டுடுறேன். சொன்ன சொல் சொன்னதுதான்.”

சுடலைமணி வாயைத் திறந்தான். ஐந்தாவது இணைப்பை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்ற கேள்விதான் முதலில் வந்தது. அதை விழுங்கினான். குழுவினருக்கு மதியச் சாப்பாடு சைவமா அசைவமா என்பது அடுத்து வந்தது. படிக்கட்டைப் பற்றியே கேட்டுவிடலாமா என்று பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. தெரியாதது இல்லாமலில்லை. மலைபோல இருந்தது. கேட்கத்தான் ஒன்றும் வரவில்லை.

தாழ்வாரத்தில் ஓட்டம் ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் பேருந்துக்குப் போய்விட்டார்கள். மிஸ்ஸின் பேனா முதல் தேதியின் கட்டத்துக்கு மேலே அப்படியே நின்றது.

“ஆறு வருஷமா என்னையும் யாரும் ஒண்ணும் கேட்கலை,” என்றார் மிஸ். “ஏதாவது கேளேன், சுடலை.”