அரசர் முதுகைத் திருப்பிய நாள்

ரொம்ப காலத்துக்கு முன்னால், வெயிலுக்குப் பயந்து காக்கைகூட வெளியே தலைகாட்டாத தென்கரை நாட்டை மகிழ்மாறன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் யார்மேல் எப்போது பாய்வான் என்று அவனுக்கே தெரியாது.

பாவம், அவனையும் குறை சொல்ல முடியாது. கழுத்து முதல் முழங்கால் வரை சரிகை அங்கி, முன்பக்கம் முப்பது பொத்தான்கள். தைத்துக் கொடுத்தவர் அரண்மனை உடைகளுக்கு அதிகாரியான சாமந்தராயர். அரசனின் பின்னால் யாரும் போகவே கூடாது என்ற சட்டமும் அவர் யோசனைதான். அரசன் எட்டு வயதில் முடிசூடிய அன்றே, 'முதுகில் யாராவது கத்தியைச் செருகிவிட்டால்?' என்று பயமுறுத்திப் போட வைத்தார். அன்றிலிருந்து எல்லோரும் முன்னால் பத்து முழம் தள்ளியே நின்றார்கள். உடுத்திவிடவும் பொத்தான் போடவும் மட்டும் ராயர் கிட்டே வருவார், அதுவும் முன்பக்கமாக.

ஒரு நாள் சபையில் அரசன் திடீரென்று கேட்டான்.

"ஐந்து வயதில் மாந்தோப்பெல்லாம் ஓடினேன். அப்போதும் இதே வெயில்தான். ஆனால் உடம்பு குளுகுளுவென்று இருந்தது. அப்போது நான் என்ன உடுத்தியிருந்தேன்?"

ராயர் பழைய பெட்டிகளையெல்லாம் கொட்டிப் பார்த்தார். அரசனின் சின்ன வயதுச் சட்டை ஒன்றுகூட இல்லை.

"அப்படியானால் அது தைத்த உடை இல்லை," என்றான் அரசன். "ஊசி படாமல் ஓர் உடை வேண்டும். பத்து நாள் தருகிறேன்."

ராயருக்கு அமைச்சர் அம்பலவாணர்மேல் வெகுநாள் பொறாமை. "மகாராஜா, நானும் ஒன்று கொண்டு வருகிறேன், அமைச்சரும் கொண்டு வரட்டும். எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறவராயிற்றே! தோற்றால் அவர் முத்திரை மோதிரம் எனக்கு," என்றார்.

"அப்படியே ஆகட்டும். நீர் தோற்றால் நான் சொல்வதை உடுத்த வேண்டும்," என்றான் அரசன்.

அம்பலவாணர் துணிக்கடைப் பக்கமே போகவில்லை. வண்டி கட்டிக்கொண்டு, இரண்டு நாள் பயண தூரத்தில் இருந்த அரசனின் அக்கா உலகுடையாளிடம் போனார்.

"என்ன உடுத்தினானா?" அவள் சிரித்துவிட்டாள். "அம்மாவோட பழைய புடவையில பாதி. நான்தான் கட்டிவிடுவேன். ஒரு நிமிஷம் நிப்பானா? முழங்காலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் முடிச்சுப் போடணும்!"

சிரித்த முகம் சட்டென்று வாடியது. "வருஷா வருஷம் திருவிழாவுக்கு வரேன் ஐயா. பத்து முழம் தள்ளி நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிடறேன். அவன் தலையைத் தொட்டு இருபது வருஷமாச்சு."

பத்தாம் நாள் சபை கூடியது. முதலில் ராயர். முன்னால் நின்றபடியே பத்து முழப் பட்டுத் துணியை அரசனைச் சுற்றிச் சுற்றி மடித்து, நுனியை மார்பில் செருகினார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. "ஆகா!" என்றது சபை. அரசன் மகிழ்ந்து மோர்க் குவளைக்குக் கையை நீட்டினான். அவ்வளவுதான், பட்டு முழுதும் சரசரவென்று காலடியில் குவிந்தது. உள்ளே வேட்டி மட்டும் இருந்ததால் மானம் பிழைத்தது! சபையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் விதானத்துச் சித்திரங்களை ரசித்தார்கள்.

அடுத்து அம்பலவாணர் உலகுடையாளோடு வந்தார். அவள் கையில் துவைத்துத் துவைத்து மெலிந்த ஒரு பாதிப் புடவை.

"இதை எங்கே கட்டுவது?" என்றான் அரசன்.

"முதுகைச் சுற்றி, அக்குள் வழியாக முன்னே கொண்டுவந்து, மார்பில் குறுக்காக மாற்றி, கழுத்துக்குப் பின்னால் ஒரே முடிச்சு, அரசே."

"பின்னாலா!" ராயர் துள்ளினார். "சட்டம் என்னாவது? ராஜத் துரோகம்!"

அம்பலவாணர் பதறவில்லை. "யாரும் அரசரின் பின்னால் போகக் கூடாது என்பதுதானே சட்டம்? இந்த அம்மாள் முன்னால்தான் நிற்கிறார், நகரவே மாட்டார். அரசர் திரும்பி நின்றால் போதும்."

"புறமுதுகு காட்டுவதா! எங்கள் அரசரா!"

"அது பகைவருக்குக் காட்டக் கூடாது ராயரே. அக்காவுக்குக் காட்டினால் என்ன?"

அரசன் அக்காவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இறங்கி அவள் அருகில் வந்து, மெதுவாகத் திரும்பினான்.

முதுகு முழுக்க வேர்க்குரு! தோள் முதல் இடுப்பு வரை சிவந்து, வெடித்து, சரிகை உரசிய தழும்பு வேறு. நாட்டின் படையும் கஜானாவும் அவன் கையில். அந்த முதுகை மட்டும் இருபது வருஷமாக ஒருவரும் பார்த்ததில்லை.

"அடப்பாவி மாறா!" உலகுடையாள் சபையை மறந்து கத்தினாள். "இத்தனை நாளா இதோடதான் உட்கார்ந்திருந்தியா? யார்கிட்டயும் சொல்லலையாடா?"

"யார்கிட்டக்கா சொல்றது?" என்றான் அரசன்.

அவள் புடவையைச் சுற்றினாள், குறுக்காக மாற்றினாள், பழக்கதோஷம், முழங்காலால் ஓர் அமுக்கு அமுக்கி முடிச்சைப் போட்டாள். "ம், ஓடு," என்றாள்.

அரசன் ஓடினான்! சிம்மாசனத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மாந்தோப்பை மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு கிளிமூக்கு மாங்காயைக் கடித்தபடி வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். முடிச்சு அசையவில்லை.

"அமைச்சரே, மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். அந்தச் சட்டம் இன்றோடு ஒழிந்தது," என்றான். "ராயரே, அந்த முப்பது பொத்தான் அங்கியைச் கத்திரி முடியும்வரை நீரே உடுத்தும். முதுகு அரித்தால் சொல்லும், சொறிந்துவிட ஆள் அனுப்புகிறேன்."

அதன்பின் வருஷந்தோறும் கத்திரி பிறந்ததும் உலகுடையாள் அந்தப் பாதிப் புடவையோடு வந்துவிடுவாள். எத்தனையோ போர்களில் ஒரு நாளும் புறமுதுகு காட்டாத மகிழ்மாறன், அவள் வாசலில் கால் வைத்ததும் சிம்மாசனத்தை விட்டு இறங்கி, திரும்பி நிற்பான்.