முள்தாடிக்கு மூன்று சவரம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், முகம் பார்க்கக் குளத்துக்குப் போகிற ஒரு நாட்டில், வேலப்பன் என்று ஒரு சவரக்காரன் இருந்தான். அவன் மனைவி செல்லாயி.

ஒருநாள் மலையிலிருந்து முள்தாடி மந்திரவாதி சவரத்துக்கு இறங்கி வந்தான். வேலப்பனோ முந்தின நாள் கத்தியை ஈரத்தோடு மடக்கி வைத்துவிட்டான். கூரில் துரு. ஒரே இழுப்பு, தாடையில் ரத்தம்! மந்திரவாதி “சூ!” என்றான். வேலப்பன் கறுப்புக் கிடாவாகிவிட்டான்.

செல்லாயி வழியை மறித்தாள். “சாமி, என் புருஷனைத் திருப்பிக் கொடுங்க.”

“துருவைப் போக்க ஒருதடவை கல்லில் தீட்டிக்கோ. அப்புறம் கல்லைத் தொடக்கூடாது. என் தாடி தினமும் முளைக்கும். மூணு நாள், மூணு சவரம். யார் ரத்தம் ஒரு சொட்டு விழுந்தாலும் கிடா எனக்குக் குழம்பு!”

“சரி சாமி. உட்காருங்க.”

முதல் நாள் தாடி வழுவழுவென்று இறங்கியது. ஆனால் அந்த முள்முடியில் கூர் மழுங்கிப்போனது.

“அடியே, அவன் பார்க்காதப்போ கல்லுல ரெண்டு தேய் தேயேன்!” என்றது கிடா.

“ஈரக்கத்தியை மடக்கினவர் யோசனை சொல்றாராக்கும்! சும்மா இருங்க.”

கத்தியை உலரத் துடைத்தாள். கத்தி தீட்டும் தோல்வாரைத் தூணில் மாட்டி இழுத்துப் பிடித்தாள். கத்தியின் முதுகு முன்னே, கூர் பின்னே, போய் வா; முதுகில் புரண்டு திரும்பி வா! அழுத்தாமல் அறுபது தடவை. பிறகு ஒரு துளி எண்ணெய்.

இரண்டாம் நாள் மந்திரவாதி பனிமூட்டத்தை ஏவினான். கதவெல்லாம் சொட்டியது. எண்ணெய் பூசிய கத்தியில் நீர் ஒட்டவில்லை. சவரம் வழுவழு. மறுபடி துடைத்தாள், தீட்டினாள், பூசினாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு வாரை எடுக்கப் போனாள். வந்து நின்ற மந்திரவாதி “சூ!” என்றான். வார் பாம்பாகிப் புதருக்குள் ஓடிவிட்டது. சவரத்துக்கு முன் மறுபடி வாரில் தீட்டாத கத்தி முள்தாடியைக் கீறாமல் விடாது.

“போச்சு! நான் குழம்புதான்!” கிடா அழுதது.

செல்லாயி இடது உள்ளங்கையை விரித்தாள். அதுவும் தோல்தானே!

“வேண்டாம்டி, கை அறுந்துடும்!”

“பேசாம இருங்க. எண்ணிக்கை தப்பிடும்.”

முதுகு முன்னே, கூர் பின்னே, போய் வா. முதுகில் புரண்டு திரும்பி வா! கூர் சருமத்தை ஒட்டியே போனது. மந்திரவாதி எட்டி எட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. அதே கையால் அவன் தாடையைத் திருப்பிப் பிடித்து வழித்தாள். கன்னம், தாடை, கழுத்து. ஒரு கீறல் இல்லை!

மூன்றாம் சவரத்தின் கடைசி முடி விழுந்ததும், பந்தயத்தில் தோற்ற மந்திரவாதியின் மந்திரமும் விழுந்தது. “சூ! சூ!” என்றான், ஈகூடப் பறக்கவில்லை. கிடா நின்ற இடத்தில் வேலப்பன் நின்றான். செல்லாயியின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து அழுதான்.

அப்போது மலையில் ஒரே கூச்சல். மந்திரவாதி ஆடாக மாற்றி வைத்திருந்த நாற்பது பேர் மனிதராகி ஓடி வந்தார்கள், இடுப்புவரை தாடியோடு!

செல்லாயி சேலையை இழுத்துச் செருகினாள். “தள்ளாதீங்க அண்ணமாரே. வரிசையா உட்காருங்க!”