மழை பெய்யாத மண்ணூர்

முன்னொரு காலத்திலே, அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், மகுடவர்மன் என்றொரு ராஜா இருந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை ஆள வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை கிளம்பியது. அரண்மனையின் பெரிய மண்டபத்தில் தன் நகரத்தை அப்படியே மண்ணால் செய்யச் சொன்னான். தெருவுக்குத் தெரு, கிணற்றுக்குக் கிணறு, ஆளுக்கு ஒரு பொம்மை. ஊரில் ஒரு சுவர் எழும்பினால் அன்றே மண்ணூரிலும் எழும்ப வேண்டும். ஓர் ஆள் இளைத்தால் அவன் பொம்மையும் இளைக்க வேண்டும். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டுமே! அதனால் எதையும் சுடாமல் பச்சை மண்ணாகவே வைத்திருந்தார்கள்.

பார்க்கப் பார்க்க ஜனங்களுக்கு அந்தப் பொம்மைகள் மேல் பயம் பிடித்துக்கொண்டது. பொம்மையின் கை ஒடிந்தது என்று கேள்விப்பட்ட தச்சன் ஒருவன், நல்ல கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தான். செத்தவர் ஒருவரின் பொம்மையை எடுக்கப் போன வேலையாள், அது மூச்சு விட்டது என்று அலறிக்கொண்டு ஊரை விட்டே ஓடினான். மண்டபத்தைத் தாண்டும்போது யாரும் வாய் திறப்பதில்லை.

அமைச்சர் கனகசபையாருக்கு மட்டும் அங்கே பயமே இல்லை. ஊருக்கு மேற்கே இருந்த பெரிய ஏரியின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். அதைத் தூர்த்துத் தனக்கொரு தோட்ட மாளிகை கட்ட நினைத்தார். முதலில் மண்ணூர் ஏரியைத் தூர்த்துக் காட்டினார். ஆறு மாதம் போயிற்று. அங்கே ஒரு கேடும் வரவில்லை.

"பார்த்தீர்களா அரசே! மண்ணூர் செழிப்பாகவே இருக்கிறது. இந்த மழைக்காலம் முடிந்ததும் நிஜ ஏரியையும் தூர்த்துவிடலாம்," என்றார்.

சபை விகடன் காத்தமுத்து பதறிப்போனான். ஏரிக்குக் கீழேதான் அவன் பிறந்த தெரு.

"பிரபு, ஏரி போனால் வெள்ளம் எங்கே போகும்? ஊரே மூழ்கிவிடும்!"

அவனை ராஜா பக்கத்தில் வைத்துக்கொள்வதே கனகசபையாருக்குப் பிடிக்காது. "மண்ணூர் காட்டியதைப் பொய் என்கிறான், அரசே. அவனையே அதற்குக் காவலாகப் போடுங்கள். ஊரில் நடப்பது எதையாவது அன்றே அங்கே நடத்தத் தவறினால் தலையை வாங்கிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்," என்றான் ராஜா.

மூன்றாம் நாள் நடுப்பகலில் வானம் கறுத்தது. கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. காத்தமுத்து பன்னிரண்டு ஆட்களைச் சாரத்தில் ஏற்றி, மண்ணூரின் மேல் சல்லடை வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னான்.

"அடப்பாவி! நிறுத்தடா!" என்று கத்திக்கொண்டு கனகசபையார் ஓடிவந்தார். பின்னாலேயே ராஜாவும் வந்துவிட்டான்.

"ஊரில் மழை பெய்கிறது பிரபு. இங்கே பெய்யாவிட்டால் என் தலை போய்விடும். கூரைக்குக் கீழே இருக்கிற ஊர் இது. பாவம், பிறந்ததிலிருந்து ஒரு தூறல்கூடப் பார்த்ததில்லை."

ராஜா கையமர்த்தினான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தண்ணீர் மேற்கே ஓடி ஏரியைத் தேடியது. ஏரி இல்லை. திரும்பித் தெருக்களுக்குள் நுழைந்தது. பொம்மைகளின் முகம் சத்தமில்லாமல் வழிந்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, பிள்ளையோடு சேர்ந்து ஒரே உருண்டையானாள். கடைசியில் தண்ணீர் மண் அரண்மனையின் வாசற்படி ஏறியது. ராஜா பொம்மைக்கு முதலில் மூக்கு போயிற்று, பிறகு கண் போயிற்று. மகுடவர்மன் தன் முகத்தைத் தடவிப் பார்த்தான்.

"இருக்கிறது பிரபு," என்றான் காத்தமுத்து மெதுவாக. "வெளியே இன்னும் ஏரி இருக்கிறதே."

சேறாகிப்போன அந்த ஊரில் ஒரே ஒரு பொம்மை மட்டும் தலைப்பாகை மடிப்புக்கூடக் கலையாமல் நின்றது. காத்தமுத்து அதை எடுத்து விரலால் சுண்டினான். 'டங்' என்றது. சூளையில் சுட்ட பொம்மை. முகம் கனகசபையாருடையது.

"கனகசபையாரே," என்றான் ராஜா. "நாங்கள் எல்லாரும் பச்சை மண்ணாக இருக்க, நீர் மட்டும் ஏன் சூளைக்குப் போனீர்? தண்ணீர் வரும் என்று உமக்கு முன்பே தெரியுமோ?"

கனகசபையார் பாய்ந்து அந்தப் பொம்மையைப் பிடுங்கப் பார்த்தார். ராஜா சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு வெகுநேரம் ஓயவே இல்லை, கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிரித்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றிக் காத்தமுத்துவின் கழுத்தில் போட்டான். ஏரியை யாரும் தொடக்கூடாது என்று ஆணையிட்டான். அமைச்சருக்கு ஏரிக்கரைக்கு நேர் கீழே ஒரு குடிசை கொடுத்து, இனி அங்கேதான் வாசம் என்று அனுப்பினான்.

அதற்குப் பிறகு வானம் லேசாகக் கறுத்தால் போதும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையைப் பலப்படுத்த முதலில் ஓடிவருகிறவர் கனகசபையார்தான்.