செக்கடித் தெரு டிரான்ஸ்பார்மர்

“இந்தத் தெரு ஜனங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா அம்மா?”

செருப்பைக் கழற்றும்போதே அருமைநாயகம் ஆரம்பித்துவிட்டார். மின்சார ஆபீஸ் என்ஜினீயர். ரிட்டயர் ஆகப் போகிற வயது. குரு வடிவாம்பாளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனுஷருக்கு மனசு கொதித்தால் ஓடிவருவது செக்கடித் தெருவில் இருக்கும் இந்த ஒற்றை அறைக்குத்தான்.

“என்ன ஆச்சு?”

அவர் செல்போனை நீட்டினார். தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்குப் போகும் மூன்று ஃபேஸ் லைன்களும் அதில் மூன்று கோடுகளாக ஓடின. எதில் எவ்வளவு லோடு என்று எங்கிருந்தாலும் பார்க்கலாம். அளவு மீறினால் போன் அலறும்.

“ஒரு ஃபேஸ்ல கரண்ட் கம்மியாச்சுன்னா போதும், அத்தனை வீட்டுக்காரனும் சுவிட்சைத் திருப்பி அடுத்த ஃபேஸுக்குத் தாவிடுறான். உடனே அதுவும் படுத்துடுது. போன வாரம்தான் டிரான்ஸ்பார்மர் புகைஞ்சுது. இன்னொரு தடவை எரிஞ்சா மாத்தி வைக்க வேற கிடையாது, தெருவே இருட்டுல கிடக்கும். வீடு வீடாப் போய்க் கெஞ்சினேன். எவன் கேட்டான்?”

“என்ன செய்யப்போறீங்க?”

“முதல்ல தாவுற ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்! ஃபியூஸைப் புடுங்கிட்டு வந்துடுவேன். சத்தியமா சொல்றேன்!”

அடேயப்பா, என்ன கோபம்! அறையே அதிர்ந்தது.

குரு பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

சித்திரை மாத மத்தியானம். மேலே ஃபேன் மெல்லத் தளர்ந்தது. றெக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

அருமைநாயகத்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது.

“சே! இந்தப் புழுக்கத்துல மனுஷன் இருப்பானா?”

எழுந்தார். கதவோரம் இருந்த ஃபேஸ் சுவிட்சைத் திருப்பினார். டக்.

ஃபேன் வேகம் பிடித்தது. அப்பாடா என்று வந்து உட்கார்ந்தவர், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“நான் கேட்கிறேன், கொஞ்ச நேரம் பொறுத்துக்கிட்டா செத்தா போயிடுவாங்க?”

பக்கத்து வீட்டில் டக். எதிர் வீட்டில் டக். மாடியில் டக்.

போன் அலறியது.

“பார்த்தீங்களா? பார்த்தீங்களா அம்மா இந்த அநியாயத்தை!”

குரு ஒரு பனையோலை விசிறியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“முதல் ஆள் கிடைச்சுட்டாரா ஐயா?”