நாற்பத்தோராவது கால்

ஒரு காட்டில் குகைக்குக் குகை, பொந்துக்குப் பொந்து கணினி இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே! உங்கள் வீட்டில் இருக்கலாம், எருமை வீட்டில் இருக்கக் கூடாதா?

கணினிக்கு ஒரு மூளை வேண்டும். அதற்குச் சில்லு என்று பெயர். பிஸ்கட்டைவிடச் சிறியது. அதன் அடியில் நாற்பது குட்டிக் கால்கள். பெட்டிக்குள் இருக்கும் பலகையில் நாற்பது குழிகள். கால்கள் குழிகளில் இறங்கினால் கணினி யோசிக்கும். இறங்காவிட்டால் அது வெறும் பெட்டி.

அந்தக் காட்டில் சில்லு செய்கிறவர்கள் இருவரே. ஒருவர் கரடியார். பெரிய பட்டறை, பெரிய பெயர்ப்பலகை, அதைவிடப் பெரிய குரல். காட்டிலுள்ள பலகைகள் எல்லாம் அவர் விற்றவை. இன்னொருவன் எதிர்மரத்துத் தூக்கணாங்குருவி. கூடு பின்னுகிற அலகால் இழை இழையாகச் சில்லு செய்வான். வேறு சத்தம் கிடையாது.

ஆடி பிறந்தால் பழைய சில்லைக் கழற்றிவிட்டு, வேகமான புதுச் சில்லைப் பொருத்துவது அந்தக் காட்டின் வழக்கம். பலகையை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. அது பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தது. ஆவணி முதல் நாள் காகம் வீடு வீடாகப் பறந்து, "உள்ள யாரோட சில்லு?" என்று கேட்டு எண்ணும். யாருடையது அதிகமோ அவருக்கே மலையடிவாரச் சந்தையில் முதல் கடை. பத்து வருடமாக அந்தக் கடை கரடியாருக்குத்தான். அதன் வாசலில் கால்மேல் கால் போட்டு உட்காருவதென்றால் அவருக்கு உயிர்.

அந்த வருடமும் காகம் எண்ணி வந்து சொன்னது: "நூறு வீட்டுல தொண்ணூறு கரடியாரோடது. பத்து குருவியோடது."

வேறு யாராவது என்றால் தொண்ணூறுக்குத் துள்ளிக் குதித்திருப்பார்கள். கரடியார் காதில் அந்தப் பத்து மட்டும்தான் விழுந்தது. அன்று அவருக்குத் தேன்கூடக் கசந்தது.

அவருடைய மேலாளர் ஓணான். முதலாளி என்ன சொன்னாலும் தலையாட்டுவதே அதன் உத்தியோகம்.

"ஏம்ப்பா, அந்தப் பத்து வீடு எப்படி அவன்கிட்ட போச்சு?"

"அவன் சில்லுக்கும் நாப்பது கால்தாங்க முதலாளி. நாம வித்த பலகையிலேயே உக்காந்துக்குது."

"நம்ம பலகை, நம்ம குழி! அதுல அவன் காலை வைக்கிறதா? வர்ற ஆடிக்கு நம்ம சில்லுக்கு நாப்பத்தொரு கால் வை. புதுப் பலகையில நாப்பத்தொரு குழி போடு. சில்லு வார்க்கிற பழைய அச்சையெல்லாம் உருக்கிடு. நூத்துக்கு நூறும் எனக்கு வேணும்!"

ஓணான் ஆட்டு ஆட்டென்று தலையை ஆட்டியது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்று அலறினானாம் ஒருவன். நான் சொன்னது பழமொழி; மேலாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆடிக்கு முந்தின நாள் கரடியார் எதிர்மரத்தடிக்குப் போனார்.

"என்ன தம்பி, என் புதுச் சில்லுக்கு நாப்பத்தொரு கால்! நாளையோட கடையைக் கட்டிருவ போல?"

குருவி எட்டிப் பார்த்தான். "கரடியண்ணே, அந்த நாப்பத்தோராவது கால் என்ன வேலை செய்யுது?"

"ஒரு வேலையும் செய்யாது. உன்னை வெளிய நிறுத்துறதுதான் அதுக்கு வேலை!"

குருவி, "அப்ப நான் நாப்பதோடயே இருந்துக்கிறேண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். கரடியார் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

ஆடி பிறந்தது. முதல் ஆளாக எருமையக்கா வந்து கரடியாரின் புதுச் சில்லை வாங்கிப் போனாள். போன வேகத்தில் பெட்டியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்ன கரடியண்ணே, ஒரு கால் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது? உள்ள போகவே மாட்டேங்குதே!"

"அது புது மாதிரி எருமையக்கா. புதுப் பலகையும் சேர்த்து வாங்கணும்."

"பழசுக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணும் இல்ல..."

"பின்ன எதுக்கு மாத்தணும்?"

கரடியார் ஓணானைப் பார்த்தார். ஓணான் தலையாட்டியது.

"நல்லா இருக்கிற பலகையைப் பேத்து எறியச் சொல்றீங்களா? திங்கக்கிழமை என் கன்னுக்குப் பரீட்சை. எதிர்க்கடையில நாப்பது கால் சில்லு இருக்காமே, அதையே வாங்கிக்கிறேன்." எருமையக்கா வாலை ஒரு வீசு வீசிவிட்டு நடந்தாள்.

அப்போதுதான் கரடியாருக்கு உறைத்தது. காட்டில் நூறு வீட்டிலும் இருப்பது நாற்பது குழிப் பலகை. எல்லாம் அவர் கையால் விற்றது. இன்றைக்கு அதில் உட்காரக்கூடியது குருவியின் சில்லு மட்டும்தான்.

"மறுபடி நாப்பது கால் வை! சீக்கிரம்!" என்று கத்தினார்.

"அச்சையெல்லாம் உருக்கியாச்சே முதலாளி. புது அச்சு வார்க்கிறதுக்குள்ள ஆடி போயிரும்."

கரடியார் விடவில்லை. ஒரு சில்லை எடுத்து, அதிகப்படியான காலைத் தானே ஒடிக்கப் பார்த்தார். கரடிக் கைக்கு ஒரு காலை மட்டும் பிடிக்கத் தெரியுமா? ஒன்றை இழுத்தால் ஒன்பது கூடவே வந்தன. சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்க நொண்டிச் சில்லுகள். எதிர்மரத்தில் வரிசை ஆற்றங்கரைவரை நீண்டது. குருவி தூக்கம் மறந்து வேலை பார்த்தான். அவன் பிள்ளைகள்கூட இழை எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆவணி முதல் நாள் காகம் வந்து தொண்டையைச் செருமியது. "குருவிக்குத் தொண்ணூத்தொன்பது."

கரடியார் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு வீடாவது என்னைக் கைவிடலையே! யாருப்பா அந்தப் புண்ணியவான்?"

"அந்த ஒண்ணை நான் இன்னும் எண்ணல," என்றது காகம். "அது உங்க வீடு."

இருவரும் கரடியாரின் குகைக்குப் போனார்கள். உள்ளே கரடியம்மா பாட்டை முணுமுணுத்தபடி கணினியில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். "உள்ள யாரோட சில்லு?" என்று வாசலில் இருந்தே காகம் கேட்டது.

"குருவித் தம்பியோடதுதான்," என்றாள் கரடியம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "நானும் ஒரு நாள் முழுக்க அமுக்கிப் பார்த்துட்டேன், எங்க வீட்டுக்காரர் செஞ்சது எங்க வீட்டுப் பெட்டியிலேயே நுழைய மாட்டேங்குது!"

நீதி: பிறரை வெளியே நிறுத்தப் போடும் பூட்டு, போட்டவரையும் வெளியே நிறுத்திவிடும்.